சிவப்புப்பெயர்ச்சி என்று நான் நினைத்தது

மூன்று வாரம் ஒரு கண்டுபிடிப்புக்குச் சொந்தக்காரனாக இருந்தேன். சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி 2022இல் எடுத்த ஒரு சூப்பர்நோவா எச்சத்தின் தரவு அது. எச்சத்தின் வடக்குப் பாதி நம்மை விட்டு விலகிப் போகிறது, தெற்குப் பாதி அநேகமாக அப்படியே நிற்கிறது என்றது என் வரைபடம். வேகம் நொடிக்கு 960 கிலோமீட்டர். எச்சத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வேலை இன்னும் முடியவில்லை. அதோடு, அந்தப் பழைய வரைபடத்தை இரண்டு மூன்று பேருக்குப் பெருமையாக அனுப்பியும் இருந்தேன்.

வேகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வெடித்துச் சிதறிய விண்மீனின் குப்பையில் சிலிக்கான் நிறைய உண்டு. அந்தச் சூட்டில் சிலிக்கான் அணு தன் பதினான்கு எலக்ட்ரான்களில் பன்னிரண்டை இழந்து, மிச்சம் இரண்டோடு நிற்கும். அப்போது அது உமிழும் முக்கியமான கோடு, அதாவது ஒரே ஆற்றலில் குவிந்து வரும் ஒளி, 1.865 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழும். இனிமேல் கேஇவி என்றே எழுதுகிறேன். பொருள் நம்மை விட்டு விலகினால் கோடு கொஞ்சம் கீழே இறங்கும், அதுதான் சிவப்புப்பெயர்ச்சி; நெருங்கி வந்தால் மேலே ஏறும். வேகத்தால் வரும் இந்த நகர்வுக்கு டாப்ளர் என்று பெயர். என் தரவில் தெற்கைவிட வடக்கில் கோடு 6 எலக்ட்ரான் வோல்ட் கீழே இருந்தது. 1,865இல் 6. அந்த விகிதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 960 வந்துவிடும்.

பிழை எவ்வளவு? அதையும் போட்டுப் பார்த்தேன். இந்த ஆற்றலில் கருவி ஒரு கோட்டை நூறு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அகலமாகப் பரப்பித்தான் காட்டும். ஆனாலும் பாதிக்கு இருபதாயிரம் ஃபோட்டான் இருந்தால் கோட்டின் நடுப்புள்ளியை அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் பிடித்துவிடலாம். 6 கூட்டல் கழித்தல் 0.5. பன்னிரண்டு சிக்மா, அதாவது பிழையைப்போலப் பன்னிரண்டு மடங்கு! அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நான் போடாத கணக்கு ஒன்று இருந்தது. இந்தக் கருவியின் ஆற்றல் அளவுகோலை 0.3 சதவீதத்துக்குள் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் காலிப்ரேஷன் குழு, அதாவது அளவைச் சரிபார்க்கும் குழு, தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. 1,865இல் 0.3 சதவீதம் 5.6. அதாவது கருவியைப் பராமரிப்பவர்களே "இதற்குள் எங்களால் உறுதி சொல்ல முடியாது" என்று விட்டுவைத்த இடத்துக்குள் என் கண்டுபிடிப்பு கிட்டத்தட்ட முழுசாக உட்கார்ந்திருந்தது. ஃபோட்டான் எண்ணிக்கை கூடக்கூட எண்ணிக்கைப் பிழை சுருங்கும். அளவுகோலின் பிழை சுருங்காது. புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் சொந்த வரைபடம் அழகாக வந்துவிட்டால் புத்தகம் ஞாபகத்துக்கு வராது.

என் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரோல் என்ன இருந்துச்சு, பாத்தியாப்பா?"

"பார்க்கலை மேடம்."

"அதைப் பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

ரோல் என்பது தொலைநோக்கி தன் பார்வைக் கோட்டையே அச்சாகக் கொண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணம். சூரியத் தகடுகள் வெயிலைப் பார்க்க வேண்டும் என்பதால் சந்திரா தன் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்க முடியாது. சராசரியாக நாளுக்கு ஒரு டிகிரி வீதம் ரோல் மாறிக்கொண்டே போகும். அதனால் அதே எச்சத்தை ஆறு மாதம் கழித்து எடுத்தால் வானத்தின் வடக்கு, எக்ஸ்கதிரைப் பதிவு செய்யும் டிடெக்டரின் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்தில் விழும். என் தரவில் வானத்தின் வடக்கு எங்கே விழுந்தது என்று பார்த்தேன். டிடெக்டர் சில்லின் மேல் வரிசைகளில். நூல் பிடித்தமாதிரி. மேடம் ஏன் கேட்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

சந்திராவின் முக்கியக் கேமரா ஏசிஸ். அதில் பத்து சிசிடி சில்லுகள், ஒவ்வொன்றிலும் 1024 வரிசை, 1024 நிரல். ஒரு எக்ஸ்கதிர் ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்தால் அதன் ஆற்றலில் ஏறக்குறைய 3.65 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒன்று வீதம் எலக்ட்ரான்கள் விடுபடும். என் சிலிக்கான் கோட்டு ஃபோட்டான் ஒவ்வொன்றும் ஐந்நூறு சொச்சம் எலக்ட்ரான் தரும். அந்தச் சின்னக் கூட்டத்தை எண்ணித்தான் ஆற்றலைச் சொல்கிறோம். எண்ணும் இடமோ சில்லின் அடி ஓரத்தில் இருக்கிறது. மேல் வரிசையில் விழுந்த கூட்டம் ஆயிரம் வரிசையைக் கடந்து அங்கே வந்து சேர வேண்டும்.

வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கையிலும் துளி சிந்தும். பக்கத்தில் நிற்பவருக்குச் சட்டி நிறைய வரும், கடைசி ஆளுக்குக் குறைந்துதான் வரும். சிசிடியில் சிந்துவதற்குக் காரணம் சிலிக்கானில் உள்ள பழுதுகள். அவை எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டு தாமதமாக விடும் பொறிகள். இந்த இழப்பைத்தான் சிடிஐ என்கிறார்கள். மேல் வரிசை ஃபோட்டான் அதிகமாக இழக்கும். இழந்தால் ஆற்றல் குறைந்ததுபோலத் தெரியும். குறைந்த ஆற்றல் என்றால் சிவப்புப்பெயர்ச்சி. எச்சத்தின் வடக்கு எங்கேயும் ஓடவில்லை. எண்ணும் இடத்துக்குத் தூரமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏசிஸுக்கு இந்த நோய் வந்த கதை தெரிந்ததுதான். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் சந்திரா கிளம்பியது. பூமியை நீள்வட்டத்தில் ஏறக்குறைய 64 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும்போது கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்தாக வேண்டும். எக்ஸ்கதிரைக் குவிக்க இழைத்து இழைத்துச் செய்த கண்ணாடிகள், நூறு கேஇவி வாக்கில் உள்ள மெதுவான புரோட்டான்களையும் சிதறடித்துக் குவியத்துக்கு அனுப்பும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் சில வாரங்களிலேயே முன்பக்கம் ஒளி வாங்கும் எட்டுச் சில்லுகளும் அடிபட்டன. பின்பக்கம் ஒளி வாங்கும் இரண்டில் மின்னூட்டம் நகரும் பாதை சிலிக்கானின் மறுபுறம் ஆழத்தில் இருப்பதால் அந்தப் புரோட்டான்கள் அங்கே எட்டவில்லை. அதிலிருந்து பட்டையைக் கடக்கும்போதெல்லாம் ஏசிஸைக் குவியத்திலிருந்து நகர்த்தி மறைத்து வைக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குத் திட்டமிட்ட தொலைநோக்கி கால் நூற்றாண்டு தாண்டியும் வேலை செய்வதற்கு இந்தக் கவனமும் ஒரு காரணம். நான் பயன்படுத்தியது அடிபட்ட எட்டில் ஒன்று.

சரி, சிடிஐ எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, அதைத் திருத்தும் மென்பொருளும் உண்டே என்பீர்கள். உண்டு. ஏசிஸ் தரவில் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இரண்டு எண் இருக்கும். பிஎச்ஏ என்பது கருவி எண்ணியது. பிஐ என்பது சிடிஐ, சில்லின் நான்கு வெளியீட்டு முனைகளின் தனித்தனி கெயின் (எண்ணியதை ஆற்றலாக மாற்றும் விகிதம்), காலப்போக்கில் வந்த மாற்றம் எல்லாவற்றையும் திருத்திய பிறகு வரும் எண், சேனலுக்கு 14.6 எலக்ட்ரான் வோல்ட் வீதம். என் 6 எலக்ட்ரான் வோல்ட் ஒரு சேனலில் பாதிகூட இல்லை என்பதை இந்த இடத்தில் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். சேனல் அகலம் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கத் தடை அல்லதான். ஆனாலும் அது ஒரு எச்சரிக்கைப் பலகை.

என் தவறு மூன்றாவது திருத்தத்தில் இருந்தது. கருவி இன்னும் மூத்துக்கொண்டே போவதால், சில மாதத்துக்கு ஒருமுறை புதிய கெயின் கோப்பு வெளியாகும். அந்தச் சில மாதம் முடிந்து, அளந்து, அதன் பிறகுதான் அந்தக் காலத்துக்கான கோப்பைச் செய்ய முடியும். ஆகவே இன்று எடுத்த தரவை இன்றே இறக்கினால், அதில் இருப்பது முந்தைய காலத்துத் திருத்தத்தை முன்னே நீட்டிப் பார்த்த ஊகம். நான் தரவு வந்த வாரத்திலேயே இறக்கினேன். பிறகு ஒன்றரை வருடம் அதே கோப்புறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மறுபடி பிராசஸ் செய்ய ஒரு கட்டளையும் ஒரு தேநீர் நேரமும் போதும். செய்யவில்லை.

இப்போது எந்தத் தரவைத் திறந்தாலும் முதலில் கோப்பின் தலைப்பைப் படிக்கிறேன். எந்தக் கெயின் கோப்பு, எந்த சிடிஐ கோப்பு, எந்தக் காலத் திருத்தக் கோப்பு, கால்டிபி என்ற காலிப்ரேஷன் கோப்புத் தொகுப்பு எந்தப் பதிப்பு என்று நான்கும் அங்கேயே எழுதியிருக்கும். அதை என் நோட்டில் கையால் எழுதிக்கொள்கிறேன். கையால் எழுதினால்தான் எனக்குக் கண்ணில் படுகிறது. ஒரே கட்டுரைக்கு இரண்டு தரவைச் சேர்க்கும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே பதிப்பில் மறுபடி பிராசஸ் செய்கிறேன். ஏற்கெனவே பிராசஸ் ஆனதுதானே என்று யார் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை.

மறுபடி பிராசஸ் செய்ததும் 6 எலக்ட்ரான் வோல்ட் 3 ஆனது. பாதிக் கண்டுபிடிப்பு ஒரு மதியத்தில் போயிற்று. மீதிப் பாதியைக் காப்பாற்றுவது எப்படி என்றுதான் அன்று இரவு யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

காப்பாற்ற முயன்றதில் அடுத்த குழியில் விழுந்தேன். தரவுக்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கிறதே என்று தோன்றியது. கருவியின் பாகங்களில் தங்க முலாம் உண்டு. விண்வெளித் துகள்கள் மோதும்போது தங்கம் 2.1 கேஇவி அருகே ஒரு கோடு தரும். என் சிலிக்கான் கோட்டுக்குப் பக்கத்து வீடு. அது வானத்திலிருந்து வருவதில்லை, ஆகவே டாப்ளரும் கிடையாது. மேல் வரிசைகளில் அந்தக் கோட்டை அளந்தேன். கீழே இறங்கியிருக்கும் என்று பார்த்தால், சில்லின் மேலே போகப் போக அது பரந்து மேல்பக்கம் இழுபட்டுக்கொண்டே போனது. அப்படியானால் கருவி ஆற்றலைக் கூட்டிச் சொல்கிறது, என் சிவப்புப்பெயர்ச்சி இன்னும் பெரியது! இரண்டு நாள் மறுபடியும் ராஜாவாக இருந்தேன்.

உண்மை வேறு. ஒவ்வொரு சில்லின் அடியிலும், படம் முடிந்ததும் அவசரமாக நகர்த்தி வைத்துக்கொள்ளும் மூடிய பகுதி ஒன்று உண்டு. அங்கே விழும் நிகழ்வுகள் ஆயிரம் வரிசை கடந்து வந்தவை அல்ல, அதனால் அந்த இழப்பு அவற்றுக்கு இல்லை. மென்பொருளுக்கு அது தெரியாது. படத்தில் எந்த வரிசையில் தெரிகின்றனவோ அந்த வரிசைக்கான இழப்பைக் கூட்டிக் கொடுத்துவிடும். இழக்காதவனுக்கும் நிவாரணம். அதனால் தங்கக் கோட்டுக்குக் கூடவே ஒரு நிழல் கோடு, மேல் வரிசைகளில் இன்னும் உயரமாக. பின்னணிக் கோடுகளை அளவுகோலாக எடுக்கும் முன் அவை எந்த இடத்தில் பிறந்தவை என்று கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் வழிகாட்டி ஆவணத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலிலேயே படித்திருக்கலாம்.

அளவுகோல் என்று கருவியோடு அனுப்பியதும் ஒன்று உண்டு. இரும்பு-55 என்ற கதிரியக்கப் பொருள். ஏசிஸை மறைத்து வைக்கும் நேரத்தில் அது சில்லுகளுக்கு நேரே வரும். மாங்கனீசின் 5.9, டைட்டானியத்தின் 4.5, அலுமினியத்தின் 1.49 கேஇவி கோடுகளை எல்லா வரிசைக்கும் தூவும். இயற்பியல் போட்ட கோடுகள், மாறாது. ஆனால் இரும்பு-55இன் அரை ஆயுள் 2.7 ஆண்டு. 1999இல் நூறு ஃபோட்டான் வந்த நேரத்தில் 2022இல் ஒன்றுகூட முழுதாக வராது. எடைக்கல்லின் எடை மாறவில்லை, கல்தான் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. கருவிக்கு வயது ஏறி, அளவுகோல் அதிகம் தேவைப்படும் காலத்தில் அளவுகோல் கையை விரிக்கிறது.

ஆகவே வானத்தையே எடைக்கல்லாக்கிக்கொண்டார்கள். பதினோராயிரம் ஒளியாண்டு தூரத்திலுள்ள காசியோப்பியா ஏ, பிரகாசமான சிலிக்கான், கந்தகம், ஆர்கன், கால்சியம், இரும்புக் கோடுகளோடு இருக்கிறது. சந்திரா 1999 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் படமும் அதுதான். அதைச் சில்லின் பல இடங்களில் வைத்து எடுத்து, பழைய நல்ல காலத்து அளவுகளோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு சங்கடம், அதுவே வெடித்துச் சிதறிக்கொண்டிருக்கும் பொருள். ஒரு பக்கம் நம்மை நோக்கியும் ஒரு பக்கம் விலகியும் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதனால் வடக்கைத் தெற்கோடு ஒப்பிடாமல், வானத்தின் ஒரே துண்டை அதே துண்டின் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நானும் அதையே செய்தேன். என் தரவுக்கு நாள் கணக்கில் நெருக்கமாக, அதே சில்லில் எடுத்த காசியோப்பியா ஏ காலிப்ரேஷன் தரவு பொதுக் காப்பகத்தில் கிடைத்தது. மேல் வரிசைகளில் விழுந்த துண்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அங்கேயும் ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட் குறைவு தெரிந்தது. மீதமிருந்த 3இல் பாதி அங்கே போயிற்று. இதைத்தான் யார் கேட்டாலும் முதலில் சொல்வேன். உங்கள் பொருளை நம்புவதற்கு முன், அதே மாதம் அதே சில்லில் கருவி வேறொரு தெரிந்த பொருளை எப்படிப் பார்த்தது என்று போய்ப் பாருங்கள். அந்தத் தரவு எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது.

வெப்பநிலையும் ஒரு சந்தேக ஆசாமி. ஏசிஸின் சில்லுகள் 2000ஆம் ஆண்டு முதல் மைனஸ் 120 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியவை. விண்கலத்தின் வெளிப்புறக் காப்புறை வெயிலில் பழையதாகிவிட்டதால், சில திசைகளில் நீண்ட நேரம் பார்த்தால் சில்லுகள் சில டிகிரி சூடாகிவிடுகின்றன. சூடு மாறினால் பொறிகள் எலக்ட்ரானைப் பிடிப்பதும் விடுவதும் மாறும். திருத்தம் வெப்பநிலையையும் கணக்கில் எடுக்கிறது, ஆனால் சூடான நேரத்துத் திருத்தம் குளிர்ந்த நேரத்துத் திருத்தத்தைவிடப் பலவீனமானது. என் தரவில் பாதி நேரம் சில்லு சூடு. குளிர்ந்த பாதியைத் தனியாகப் பிரித்து அளந்தபோது எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிழைக்கோட்டுக்குள் இருப்பதால் அதைப் பெரிதாகச் சொல்லமாட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் குறையும். பின்னணி குறைந்தால் நல்லதுதானே? சிடிஐக்கு நல்லதல்ல. அந்தத் துகள்கள் சில்லில் கொட்டும் மின்னூட்டம் பொறிகளை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறது. முன்னால் போன லாரி சிந்திய ஜல்லி ரோட்டுக் குழியை மூடிவிட்டால் பின்னால் வரும் பைக் குலுங்காமல் போகும் அல்லவா, அதுபோல. துகள் குறைந்தால் குழி காலி, ஃபோட்டானின் எலக்ட்ரான்கள் உள்ளே விழும். வானம் அமைதியாக இருக்கும்போது கருவி மோசமாக எண்ணுகிறது!

ஆற்றல் அளவுகோலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு முதுமையும் உண்டு: ஏசிஸின் ஒளித்தடுப்பு வடிகட்டியில் ஆண்டுக்கணக்காகப் படியும் அழுக்கு. பெரும்பாலும் கார்பன். அது கோட்டை நகர்த்தாது, குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை விழுங்கும். சூடாக்கி விரட்டலாமா என்று யோசித்து, வேறு ஆபத்து வரும் என்று விட்டுவிட்டார்கள். 1 கேஇவிக்குக் கீழே வேலை செய்பவர்கள் இதை என்னைவிட நன்றாகப் புலம்புவார்கள். என் கோடு 1.86இல் இருந்ததால் நான் தப்பித்தேன்.

கடைசியாக ஒரு சபலம். எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் கெயின் ஃபிட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆற்றல் அளவுகோலையே இழுத்து நகர்த்தி, மாதிரியோடு பொருத்திவிடும். ஒரு நண்பன் அதைப் போட்டுப் பார் என்றான். போட்டேன். எல்லாம் வழவழவென்று பொருந்தியது. டாப்ளரும் கெயினும் ஒரே திசையில் கோட்டை நகர்த்துபவை. இரண்டையும் ஒன்றாக விட்டால் எது எதைத் தின்றது என்று சொல்ல வழியே இல்லை. வேகத்தை அளக்க வந்தவன் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. வெப்பநிலை மட்டும் தேடுபவர் தொடலாம், ஆனால் எவ்வளவு நகர்த்தினேன் என்று கட்டுரையில் எழுத வேண்டும்.

தீர்ப்புச் சொன்னது ரோல்தான். அதே எச்சத்தை 2004இல் எடுத்த தரவு காப்பகத்தில் இருந்தது. ரோல் ஏறக்குறைய 150 டிகிரி வேறு. வானத்தின் வடக்கு இப்போது எண்ணும் இடத்துக்குப் பக்கத்தில், தெற்கு மேல் வரிசைகளில். அதைப் புதிதாக பிராசஸ் செய்து, வரைபடம் போட்டு, பழையதன் பக்கத்தில் வைத்தேன். வடக்கு அசையாமல் நின்றது. தெற்குதான் துளியளவு சிவந்திருந்தது. இரண்டு படத்திலும் சிவப்பு விழுந்த இடம் சில்லின் மேல் ஓரம்.

சந்திரா என்ற பெயர் சுப்ரமணியன் சந்திரசேகரை நினைத்து வைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தொலைநோக்கி மீது ஒரு சொந்தக்காரப் பாசம் உண்டு, எனக்கும்தான். அது தந்த எண்ணைச் சந்தேகப்படவே ஒன்றரை வருடம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு படத்தையும் மேடத்தின் மேசையில் வைத்தேன். பார்த்தார், சிரிக்கவில்லை. "சரி, மேல்வரம்பா எழுதிடு" என்றார். இரண்டு பாதிக்கும் இடையிலான வேக வித்தியாசத்துக்கு மேல்வரம்பு என்ன என்று கணக்குப் போட்டேன். அளவுகோலின் 0.3 சதவீதத்தையும் சேர்த்தால், நொடிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல் இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. முதலில் 960 என்று கொட்டை எழுத்தில் இருந்த கட்டத்தில் இப்போது ஒரு 'குறைவு' குறியும் 900மும் இருக்கின்றன. அட்டவணையில் அந்த வரி நான்காம் பக்கத்துக்குப் போய்விட்டது.